நர்சம்மா புருஷன்

பனி விலகாத மார்கழிக் காலையில் ஜீப் நொச்சிமேட்டுக்குள் நுழைந்தது. பாகூர் ஏரிக்கரையிலிருந்து பிரியும் வண்டிப்பாதை அது. இரண்டு பக்கமும் வெட்டுக்கு நின்ற கரும்பு, ஆளை மறைக்கும் உயரம். பாதையோரமாகக் கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக்கொண்டிருந்த ஆண்கள் இஞ்சின் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். முன் இருக்கையில் வெள்ளைப் புடவையோடு அம்சவள்ளி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். பிறகு பாதையில் ஒருவரும் இல்லை. கழற்றி வைத்த துண்டுகளும் ஒரு கூழ்ச்சட்டியும் மட்டும் வரப்பில் கிடந்தன.

“இன்னாம்மா இது? ஓட்டு கேக்க வந்தா ஓடிப் பூட்டாங்க?” என்றார் மரியதாஸ். அவர் கட்சியின் வில்லியனூர் கொம்யூன், அதாவது வட்டாரச் செயலாளர். அங்கே சைக்கிள் கடை வைத்திருப்பவர். இந்தப் பக்கத்து ஊர்கள் அவருக்கு அதிகம் பழக்கமில்லை.

“ஜீப்பப் பாத்துட்டு ஓடறாங்க. அதுல என்னையும் பாத்துட்டாங்க இல்ல. வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.”

அவள் இறங்கி வரப்பில் நின்றாள். கரும்புக்குள் யாரோ தும்மினார்கள்.

“செல்லக்கண்ணு, நீதான தும்முனது? வெளிய வா. நான் இப்ப நர்சு இல்ல.”

குரல் மட்டும் வந்தது. “நீ அப்டித்தான் சொல்லுவ நர்சம்மா. அன்னிக்கும் கண்ணு டெஸ்ட்டுன்னுதான் ஏத்திக்கினு போனாங்க.”

“நான் சொன்னனா, கண்ணு டெஸ்ட்டுன்னு?”

“நீ சொல்லல. ஆனா ஜீப்புல நீயும்தான குந்திக்கினு இருந்த.”

அவள் ஜீப்பிலிருந்து நோட்டீசுகளை எடுத்தாள்.

“ஒனக்குத்தான் அன்னிக்கே ஆயிப்போச்சே, இன்னும் எதுக்குடா ஓடற?” என்று இன்னொரு குரல் கரும்புக்குள்ளேயே கேட்டது.

“காலு தானா ஓடுதுப்பா. நான் இன்னா பண்றது?”

கரும்பு முழுக்கச் சிரித்தது. ஆனால் யாரும் வெளியே வரவில்லை. அம்சவள்ளி நோட்டீசுகளைக் கூழ்ச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கரும்புத் துண்டை மேலே வைத்துவிட்டு, ஜீப்பில் ஏறாமல் ஊருக்குள் நடந்தாள்.

*

அம்சவள்ளி வில்லியனூர் கொம்யூனில் வயல் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவள். புதுச்சேரியில் நர்ஸ் பயிற்சி முடித்து, அறுபத்தாறில் நொச்சிமேட்டுத் துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு ஸ்டவ், கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்க ஓர் அலுமினியச் சட்டி. ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டும் சிங்காரவேலு ஒரு மழை நாளில் பிரசவத்துக்கு அவளை அழைத்துப் போனபோது, வண்டி ஓடையில் சிக்கிக்கொண்டது. அவள் பையைத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அவனோடு சேர்ந்து சக்கரத்தைத் தள்ளினாள். அடுத்த வருஷம் தையில் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து ஊர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டது. நர்சம்மா புருஷன் என்றால்தான் தெரியும்.

நடவுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் போடுவார்கள். பிள்ளை அழுதால் தாய் வரிசையை விட்டு ஏற முடியாது. ஏறினால் வரிசை கோணிப்போகும், மேஸ்திரி அரை நாள் கூலியை வெட்டிவிடுவார். பால் கட்டி, மார் வீங்கி, காய்ச்சலோடு வந்த பெண்களுக்கு அம்சவள்ளி மாத்திரை கொடுத்தாள். ஒரு பருவம் முழுக்கக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் வயலுக்கே போனாள். ஒரு பிள்ளை அழுதால் வரிசை மொத்தமும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று சொன்னாள். அந்தத் தாய் பால் கொடுத்துவிட்டு வரும்வரை ஒருத்தியும் நாற்றைச் சேற்றில் வைக்கக் கூடாது. யார் கூலியை வெட்டுவது என்று மேஸ்திரிக்குத் தெரியாமல் போகட்டும்.

அப்படியே நடந்தது. இந்தப் பழக்கம் கிருமாம்பாக்கம் வரை போனது. மிராசுதார்கள் அவள் மேல் மனுப் போட்டார்கள். பெண்கள் சங்கம் என்று ஒன்று அப்படித்தான் உண்டாயிற்று.

பிறகு எமர்ஜென்சி வந்தது. ஒவ்வொரு நர்சும் இத்தனை ஆண்களைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கூட்டி வர வேண்டும் என்று டார்கெட் போட்டார்கள். அப்படிக் கூட்டி வரும் ஆளுக்குப் பெயர் கேஸ். சிவப்பு முக்கோணம் வரைந்த ஜீப் விடியுமுன் ஊருக்குள் வந்தது. அம்சவள்ளியும் அதில் உட்கார்ந்து போனாள். ஆபரேஷன் நல்லதுதான், அளவான குடும்பம் வேண்டியதுதான் என்று அவள் நம்பினாள். ஏமாற்றி ஏற்றியதைப் பார்த்தபோது வாய் திறக்கவில்லை. ஜீப் கொண்டுபோய் விட்ட ஆபரேஷன் முகாமில், ஊரில் குத்தகைக்குப் பயிர் வைத்த கண்ணையனுக்குப் போட்ட தையல் சீழ் பிடித்தது. நடவு நேரத்தில் அவன் பாயில் கிடந்தான். குத்தகை நிலம் வேறு கைக்குப் போயிற்று. அம்சவள்ளி தினமும் போய்க் கட்டு மாற்றினாள். அது முடியும்வரை அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அதற்குப் பிறகு அவளால் யாரையும் கூப்பிட முடியவில்லை. மாதக் கடைசியில் ஒரு கேஸ் குறைந்தது. குறைந்தால் வேலை இல்லை என்று மேலதிகாரி சொல்லி அனுப்பினார்.

“என்னப் போட்டுக்கோ,” என்றான் சிங்காரவேலு.

இருவரும் பஸ் ஏறி, தெரிந்த முகம் இல்லாத திருக்கனூர்ப் பக்கம் ஒரு முகாமுக்குப் போய் வந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

“அக்காவுக்குத் தெரிய வேணாம். வண்டிக்காரனுங்களுக்கும்.”

தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அடுத்த மாத நர்சுகள் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, இனி நான் ஆள் பிடித்து வரமாட்டேன் என்றாள். ஏனாமுக்கு மாற்றல் வந்தது. புதுச்சேரி அரசாங்கத்தில் தண்டனை என்றால் அதுதான். ஆந்திரக் கரையில் எங்கேயோ கிடக்கும் ஊர். நடவுப் பெண்கள் கொம்யூன் ஆபீசுக்கு, வயதானவர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேரில் மேரி என்று சொல்லும் கட்டடத்துக்கு, பிள்ளைகளோடு நடந்து போய் வாசலில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் அழுதன. மாற்றல் ரத்தாயிற்று. அதற்குள் அவள் பெயர் புதுச்சேரி வரை போய்விட்டது. எழுபத்தொன்பது கடைசியில் பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது, கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து நிற்கச் சொன்னார்கள். அவள் வேலையை ராஜிநாமா செய்தாள். அரசாங்கக் குவார்ட்டர்சைக் காலி செய்துவிட்டு, சிங்காரவேலுவின் அக்கா ஆண்டாள் வீட்டுக்குக் குடும்பம் வந்தது.

மற்ற ஊர்களில் கூட்டம் நன்றாகத்தான் சேர்ந்தது. நொச்சிமேட்டில்தான் சேரவில்லை. புகுந்த ஊரே போடாத ஓட்டை நாங்கள் எதற்குப் போட வேண்டும் என்று அக்கம்பக்கத்து ஊர்களும் கேட்க ஆரம்பித்திருந்தன.

*

அன்று சாயங்காலம் ரேஷன் கடை எதிரில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆண்கள் தள்ளி, வைக்கோல் போர் ஓரமாக நின்றார்கள். ஜீப் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்ததால் வந்தார்கள்.

அம்சவள்ளி கூலியைப் பற்றியும் ஏரி மதகைப் பற்றியும் பேசினாள். பாதியில் கண்ணையன் முன்னால் வந்தான். ஒரு காலத்தில் நல்ல உடம்பு. இப்போது தோள் எலும்பு தெரிந்தது. அவனும் இப்போது கூலிக்கு வண்டிதான் ஓட்டுகிறான்.

“நர்சம்மா, எனக்கு ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க கண்ணையா அண்ணே.”

“எங்களையெல்லாம் புடிச்சிக்கினு போனியே, ஒன் புருசனப் புடிச்சியா?”

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பெண்கள் சிலரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

“சட்டம் ஊருக்குத்தான், ஒன் வூட்டுக்கு இல்ல. அப்டித்தான? அதான் கேக்கறேன். ஒரு பதிலு சொல்லிட்டுப் போ. ஓட்டு போடறேன்.”

மணியம்மாள் எழுந்தாள். நடவுக் கூட்டத்தில் முதல் ஆளாக நிமிர்ந்தவள் அவள்தான். “ஏன்யா, கேக்கற கேள்வியா இது? பொம்பள முன்னாடி.”

“பொம்பளதான எங்கள ஜீப்புல ஏத்தனது.”

அம்சவள்ளி கையைக் காட்டி மணியம்மாளை உட்காரச் சொன்னாள்.

“ஒங்களுக்கு நடந்தது தப்பு அண்ணே. நான் அந்த ஜீப்புல வந்ததும் தப்பு. அத எங்க வேணா சொல்லுவேன். ஆனா நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.”

“சொல்ல மாட்ட. ஏன்னா பதிலு இல்ல.” கண்ணையன் திரும்பி நடந்தான். ஆண்களில் பெரும்பாலோர் அவனோடு போனார்கள்.

ஜீப்புக்குப் போகும் வழியில் மரியதாஸ் பொறுமை இழந்தார். “ஒரு பதிலு சொல்லியிருக்கலாம்மா. புருசனுக்கு ஒடம்பு சரியில்லன்னு, எதனா. ஊரே கைய விட்டுப் போவுது.”

“பொய் சொல்ல வேணாம்.”

“அப்ப நெசத்தச் சொல்றது.”

“அது என்னுது இல்லீங்க,” என்றாள் அம்சவள்ளி. மரியதாசுக்குப் புரியவில்லை.

*

ஆண்டாள் கணவனை இழந்தவள், பிள்ளை இல்லை. தாய் செத்த வீட்டில் தம்பியை எடுத்து வளர்த்தவள். தம்பிக்கு ஒரே பெண் குழந்தையோடு நின்றுபோனது அவளுக்குப் பெரிய குறை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து கருவாட்டுத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் நடந்தது அம்சவள்ளிக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

“கண்ணையன் கேட்டதுல இன்னா தப்பு? எந்தப் பொம்பள தன் புருசனக் கொண்டு போயி வுடுவா? நீ வுடல. அதுக்கு நான் ஒன்னக் கொற சொல்லல,” என்றாள்.

அம்சவள்ளி தட்டில் களியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஆனா அப்டிக் காப்பாத்தி வச்சிக்கினவ, ஒரு ஆம்பளப் புள்ளயப் பெத்துக் குடுத்திருக்கலாம் இல்ல? ஊருப் புள்ளையெல்லாம் கையில வாங்குன. ஒன் வயித்துல ஒண்ணோட கதவச் சாத்திக்கின. நர்சுக்கா மாத்திர தெரியாது.”

மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்சவள்ளி அவளை எழுதச் சொல்லிக் கண்ணால் காட்டினாள்.

“கொழம்புல புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு அண்ணி.”

“பேச்ச மாத்து.”

“தூக்கலாத்தான் இருக்கு.”

“டில்லிக்குப் போறவளுக்கு எங்க வூட்டுப் புளி ஒறைக்கும்தான்,” என்று ஆண்டாள் கருவாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்று வருஷமாக இந்தப் பேச்சு ஏதாவது ஒரு வடிவத்தில் வாரத்துக்கு ஒரு தரம் வரும். அம்சவள்ளி ஒரு தரமும் பதில் சொன்னதில்லை.

கொல்லையில் சிங்காரவேலு வண்டி அச்சுக்கு மசகு தடவிக்கொண்டிருந்தான். விடிந்தால் ஆலைக்கு லோடு. அவள் போய் வண்டி நுகத்தில் சாய்ந்து நின்றாள்.

“கேட்டானாமே,” என்றான் நிமிராமல்.

“கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“பதிலு சொல்ல மாட்டேன்னேன்.”

அவன் மசகை இன்னும் கொஞ்சம் எடுத்து, ஏற்கெனவே தடவிய இடத்திலேயே தடவினான். “சொல்லியிருந்தா அவன் வாயி மூடியிருக்கும்.”

“ஒங்க வாயும் மூடியிருக்கும். சொல்ல மாட்டேன்னு ஒங்ககிட்ட சொன்னேன் இல்ல.”

“தோத்துட்டா?”

“தோத்தா நடவுக்குப் போறேன். நாத்து முடி புடிக்க மறந்தா போச்சு?”

அவனுக்கு நிம்மதியாக இருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவனுக்குப் பாரம் தூக்க வராது என்பது வண்டிக்காரர்கள் எல்லோரும் உறுதியாக நம்பிய விஷயம். அப்படிப்பட்டவன் வண்டியில் கரும்பு ஏற்ற முதலாளி யோசிப்பான். கள்ளுக்கடையில் பக்கத்தில் உட்காருகிறவன் ஒரு மாதிரிப் பார்ப்பான். அக்காவை நினைத்தால் அதைவிடப் பயம். அம்சா சொல்லவில்லை என்றதும் நெஞ்சிலிருந்து ஒன்று இறங்கியது. அது இறங்கியதைப் பற்றி அவனுக்கு அன்று ராத்திரி முழுக்க வெட்கமாகவும் இருந்தது.

*

ஆலை வாசலில் வண்டிகள் ஏரிக்கரை எறும்பு மாதிரி நின்றன. எடைமேடைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகும். வண்டிக்காரர்கள் நுகத்தடியை இறக்கி மாடுகளுக்குக் கரும்புத் தோகையைப் போட்டுவிட்டு, சக்கர நிழலில் உட்கார்ந்து பேசுவார்கள். பாகு காய்கிற வாசனையும் மாட்டுச் சாணியும் கலந்து வீசும். ஈ மொய்க்கும். கட்டுச்சோறு பிரித்தால் அதிலும் மொய்க்கும்.

வரிசை நகர்ந்தபோது, முன்னால் நின்ற கண்ணையன் வண்டியின் கடையாணி தெறித்து, ஒரு சக்கரம் கழன்றது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. பின்னால் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். இடம் போனால் ஒரு நாள் போய்விடும். நாலைந்து பேர் பாதிக் கரும்பை இறக்கிப் போட்டார்கள். நெம்புக்கு ஒரு சவுக்குக் கட்டை கொடுத்தார்கள். சிங்காரவேலு துண்டை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு அச்சுக்கு அடியில் புகுந்தான்.

“தூக்கு. இன்னும் கொஞ்சம். அட, நர்சம்மா புருசா, முக்கித் தூக்குடா,” என்றார் சுப்பராயலு. வண்டிக்காரர்களில் மூத்தவர் அவர். எல்லாரையும் கேலி செய்யும் உரிமை அவருக்கு இருந்தது.

அச்சு மேலே வந்தது. சக்கரம் ஏறியது. புது ஆணியை அடித்தார்கள். சிங்காரவேலு வெளியே வந்து முதுகைச் சாய்த்து நிமிர்த்தினான். எல்லோரும் மறுபடி நிழலில் உட்கார்ந்தார்கள்.

கண்ணையன் மட்டும் கரும்பைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு கட்டுக் கரும்பை எடுத்துப் பாதி உயரத்துக்குத் தூக்கி, இறக்கி வைத்துவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிங்காரவேலு போய் அந்தக் கட்டை வாங்கி மேலே போட்டான்.

“குடு மச்சான். நீ குந்து.”

“ஆபரேசனுக்கு முன்ன நானும் இப்டித் தூக்குனவன்தான். ஒனக்கு இன்னா. ஒன் பொண்டாட்டி ஒன்ன முழுசா வூட்டுல வச்சிக்கினா,” என்றான் கண்ணையன். கோபமாகச் சொல்லவில்லை. குரல் உடைந்து வந்தது. அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சிங்காரவேலு அடுத்த கட்டை எடுத்தான். அதை மேலே போடவில்லை.

“எனக்கும் ஆயிருக்குது மச்சான்.”

“இன்னா ஆயிருக்குது?”

“ஆபரேசன்தான்.”

நிழலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு சுப்பராயலு பெரிதாகச் சிரித்தார்.

“டே, பொண்டாட்டிக்கு ஓட்டு வேணும்னா நல்லாக் கேளுடா. இதெல்லாமா சொல்லிக்கினு கேப்பாங்க?”

“நெசமாத்தான்.”

“வண்டிய முதுகால தூக்கறவனுக்கு ஆபரேசனா? போடா.”

“நர்சம்மா சொல்லிக் குடுத்து அனுப்பிச்சிருக்குது,” என்றான் இன்னொருவன்.

“அவளுக்குத் தெரியாது நான் சொல்றது.”

“அப்பக் காட்டு,” என்றார் சுப்பராயலு. எல்லோரும் சிரித்தார்கள். சிங்காரவேலு சிரிக்கவில்லை. கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தான்.

“எல்லாருக்கும் காட்ட முடியாது. கண்ணையன் வரட்டும். அவனுக்குத்தான் தெரியும், எங்க, எப்டி இருக்கும்னு.”

இருவரும் குவித்திருந்த கரும்புக்குப் பின்னால் போனார்கள். சுப்பராயலு பீடியைப் பற்ற வைத்து, அதை இழுக்க மறந்து பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணையன் முதலில் வெளியே வந்தான். யாரையும் பார்க்காமல் வந்து நிழலில் உட்கார்ந்தான். சிங்காரவேலு வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தான்.

“இன்னாப்பா?” என்றார் சுப்பராயலு.

“இருக்குது,” என்றான் கண்ணையன். கொஞ்ச நேரம் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். “எனக்கு முன்னாடியா, அப்பறமாடா?”

“அப்பறம். ஒனக்குச் சீழ் புடிச்சி ரெண்டு மாசம் கழிச்சி.”

“என்னப் பாத்துட்டா போன?”

“பாத்துட்டுத்தான் போனேன். ஒரு கேஸ் கொறஞ்சிது. வேற எவன அவ கூப்புடுவா? ஒன்ன அப்டி ஆக்கிப்புட்டமேன்னு ராத்திரி பூரா அழுதுக்கினு கெடந்தா.”

“ஒனக்கு வலிச்சிதா?”

“வலிக்காம இருக்குமா? பஸ்ஸுல நின்னுக்கினே வந்தேன். குந்த முடியல.”

ஒருவன் சிரித்தான். சிரித்தவன் செல்லக்கண்ணு. “என்ன ஜீப்புல குந்த வச்சானுங்க. பள்ளம் வரும்போதெல்லாம் எங்கம்மாவக் கூப்ட்டேன்.”

“நீ எங்கம்மான்னு கத்தல. முனீஸ்வரான்னுதான் கத்துன. நான் பக்கத்துல இருந்தேன்,” என்றான் இன்னொருவன்.

பேச்சு அப்படித்தான் தொடங்கியது. மூன்று வருஷமாக ஒருவரிடம் ஒருவர் சொல்லாததை அந்தச் சக்கர நிழலில் சொன்னார்கள். கொடுத்த மாத்திரையை, மனைவி பார்த்துவிடுவாள் என்று பயந்து எறிந்தவன் ஒருவன். பக்கத்து வீட்டில் தெரியாமல் இருக்க அன்றைக்கே ஏர் பிடித்து ரத்தம் கசிந்தவன் ஒருவன். பாரம் தூக்க வராது என்று பயந்து தூக்கிப் பார்க்காமலே இருந்தவர்கள் இரண்டு பேர். சுப்பராயலு, எனக்கு அப்போதே வயதாகிவிட்டிருந்தது, அதனால் தப்பித்தேன் என்றார். அவரை யாரும் நம்பவில்லை.

வண்டி நகரும்போது கண்ணையன் எழுந்தான். மிச்சமிருந்த கரும்பை ஏற்றச் சிங்காரவேலு கை கொடுத்தான்.

“ஓட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல,” என்றான் கண்ணையன்.

“நான் கேக்கல மச்சான்.”

*

நொச்சிமேட்டு ஆண்கள் அந்தத் தேர்தலில் யாருக்குப் போட்டார்கள் என்று சொல்லத் தெரியாது. அம்சவள்ளி அந்த முறை ஜெயிக்கவில்லை. அவள் தில்லிக்குப் போனது அடுத்த தேர்தலில். அப்போது பத்திரிகைகள் நடவு வரிசையைப் பற்றி எழுதின, ஏனாம் மாற்றலைப் பற்றி எழுதின. ஆலை வாசலைப் பற்றி யாரும் எழுதவில்லை.

அன்று ஆலை வாசலில் பேசியது சிங்காரவேலுவின் வண்டிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. அம்சவள்ளி பிரசாரம் முடித்து வெயில் தாழ வந்தபோது, ஆண்டாள் முற்றத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் உளுந்து இருந்தது. புடைக்கவில்லை.

“நெசமா?” என்றாள்.

“எது அண்ணி?”

“ஆலையில சொன்னானாமே. மணியம்மா புருசன் காலி வண்டி ஓட்டிக்கினு வந்து சொல்லிட்டுப் போறான். ஊரே பேசுது. நெசமா, பொய்யா? அத மட்டும் சொல்லு.”

அம்சவள்ளி பையைக் கீழே வைத்தாள். கால் கழுவப் போனவள் போகாமல் நின்றாள். “அவரு வரட்டும் அண்ணி. அவரையே கேளுங்க.”

“இப்பவும் நீ சொல்ல மாட்ட.”

அம்சவள்ளி வாசல் பக்கம் பார்த்தாள்.

மாடுகளின் மணிச் சத்தம் கேட்டது. சிங்காரவேலு வண்டியை அவிழ்த்து, மாடுகளைக் கட்டி, தண்ணீர் காட்டினான். வழக்கத்தைவிட மெதுவாகவே எல்லாம் செய்தான். பிறகு முற்றத்துக்கு வந்து அக்கா எதிரில் நின்றான்.

“நெசந்தான் அக்கா. நானாத்தான் போனேன்.”

ஆண்டாள் அவன் முகத்தைப் பார்த்தாள். முறத்திலிருந்த உளுந்தை ஒரு பக்கமாகத் தள்ளி, திரும்பவும் பரப்பினாள். அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கி முறத்தில் விழுந்தது. அதையும் துடைக்கவில்லை.

அம்சவள்ளிதான் பேசினாள். “யாரு ஒங்களச் சொல்லச் சொன்னது? அதுல வர்ற ஓட்டு எனக்கு வேணாம்.”

“ஓட்டுக்காகச் சொல்லல அம்சா.”

“பின்ன?”

“கண்ணையன் ஒரு கட்ட தூக்க முடியாம நின்னான். ஒனக்கு இன்னா, நீ முழுசா இருக்கறன்னான். நான் எப்டி வாய மூடிக்கினு அவன் கரும்ப ஏத்தறது?” அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். “மொதல்ல நம்ப மாட்டேன்னுட்டானுங்க.”

“பொறவு?”

“காட்டுனேன்.”

“அய்யே,” என்றாள் அம்சவள்ளி. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆண்டாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அம்சா, இங்க வா. மூணு வருசம். நான் ஒன்ன இன்னா இன்னா பேசியிருப்பேன். ஒரு வார்த்த சொன்னியா நீ?”

“சொல்லக் கூடாதுன்னு இவரு...”

“இவரு சொன்னாராம். மேஸ்திரி சொன்னான், நீ கேக்கல. ஆபீசரு சொன்னான், அவன் சொன்னதையும் கேக்கல. இந்த வண்டிக்காரன் சொன்னத மட்டும் கேட்டுக்கினு, நான் போட்ட களியையும் என் பேச்சையும் சேத்து முழுங்கிக்கினு இருந்திருக்க.” ஆண்டாள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். “டில்லிக்குப் போயும் எவன் இன்னா பேசினாலும் இப்டித்தான் புளி தூக்கல், உப்பு தூக்கல்னு சொல்லிக்கினு குந்தியிருப்பியா? அப்டின்னா நான் எதுக்கு ஒனக்கு ஓட்டுப் போடறது?”

சிங்காரவேலு சிரித்துவிட்டான்.

“நீ சிரிக்காத,” என்றாள் ஆண்டாள். “ஒங்கிட்ட நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல.”